எண்ணெய், கரண்ட், எம்டன்: வாசகர் கேள்விகள்

மின்சாரமும் எண்ணெயும் நாட்டுப் பாதுகாப்பும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தில் ஆராய்ச்சி வேலைகள் இருக்கின்றன, நம் பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை என்று போன இதழில் போகிறபோக்கில் நாலு வரி எழுதிவிட்டேன். ஒரு ஃபைல் நிறையக் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்; வழக்கமான இன்வெர்ட்டர், சோலார், கரண்ட் பில் கேள்விக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: 20 வருஷம் மின்துறையில் இன்ஜினியராக இருந்தேன். 2007ல் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மாறி, 2022 கடைசியில் ஓய்வு பெற்றேன். இப்போது வில்லிவாக்கத்தில் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, அடுத்தவர் எழுதிய அறிக்கைகளில் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டு இருக்கிறேன்.

பிளஸ் டூ மாணவர், மீஞ்சூர்: எரிசக்திப் பாதுகாப்பு என்றால் என்ன மேடம்? பவர் ஹவுஸ் வாசலில் துப்பாக்கியோடு நிற்பதா?

அதுவும் வேலைதான் தம்பி. ஆனால் நான் சொன்னது வேறு.

யாரையாவது ‘அவன் சரியான எம்டன்’ என்று உன் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறாயா? எம்டன் என்பது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி ராத்திரி மெட்ராஸ் கரைக்கு வந்து குண்டு போட்டது. கோட்டை இருக்கிறது, கவர்னர் இருக்கிறார், ஐகோர்ட் இருக்கிறது. அது குறிவைத்ததோ துறைமுகத்தை ஒட்டி நின்ற பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை. அவை பற்றி எரிந்ததைப் பார்த்து ஊரில் பாதி மூட்டை கட்டியது. ஐகோர்ட் வளாகச் சுவரில் அதற்கு ஒரு கல் பதித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் பார்.

இந்தக் கதையில் எல்லோரும் சொல்லாமல் விடுகிற பாதி ஒன்று உண்டு. எம்டன் கரியில் ஓடுகிற கப்பல். இந்தியப் பெருங்கடலில் அதற்குக் கரி போட ஒரு துறைமுகம் கிடையாது. அதனால் மார்க்கோமானியா என்ற கரிக்கப்பலைக் கூடவே இழுத்துக்கொண்டு அலைந்தது. பிடித்த கப்பல்களில் இருந்த கரியையும் விடவில்லை. எதிரியின் எண்ணெயை எரிக்க வந்தவனுக்கு, தன் அடுப்புக்கு நாளைக்குக் கரி எங்கே என்பதுதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்த கவலை. அதே 1914 ஜூனில், பிரிட்டிஷ் அரசு தன் கடற்படைக்கு எண்ணெய் தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்று ஆங்கிலோ-பெர்ஷியன் எண்ணெய்க் கம்பெனியின் பாதிக்கு மேற்பட்ட பங்குகளை வாங்க முடிவு செய்திருந்தது. இரண்டு தரப்புக்கும் ஒரே கவலை. அந்தக் கவலையைக் கணக்காக மாற்றி எழுதுவதுதான் நீ கேட்ட துறை.

நீ மீஞ்சூர்க்காரன். உனக்கு இது புத்தகத்தில் படிக்கிற விஷயமே இல்லை. ஒடிசாவில் தால்ச்சர் சுரங்கத்தில் வெட்டுகிற கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் போகிறது. அங்கிருந்து கப்பலில் எண்ணூர் காமராஜர் துறைமுகம். அங்கிருந்து கன்வேயரில் உன் வீட்டுப் பக்கத்து அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள். சுரங்கத்தில் வெள்ளம் வரலாம், ரயில் வேகன் கிடைக்காமல் போகலாம், வங்கக்கடலில் புயல் நின்று கப்பல் வெளியே காத்திருக்கலாம். எங்கே அறுந்தால் எத்தனை நாளில் கொளத்தூரில் ஃபேன் நிற்கும்? இதற்குப் பதில் எழுதத் தெரிந்தவனுக்குச் சம்பளம் கொடுப்பார்கள். மத்திய மின்சார ஆணையம் ஒவ்வொரு அனல்மின் நிலையத்திலும் எத்தனை நாள் கரி இருக்கிறது என்று தினமும் வெளியிடுகிறது. பரீட்சை முடிந்ததும் மூன்று மாதம் அத்திப்பட்டில் இருக்கிற வடசென்னை நிலையத்தின் எண்ணை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வா. எண் குறைகிற நாளில் கடல் எப்படி இருந்தது என்று பக்கத்தில் எழுது. பிடித்திருந்தால் அப்புறம் பேசலாம். கணக்கையும் பௌதிகத்தையும் மட்டும் விட்டுவிடாதே.

பி.இ. கடைசி வருட மாணவி, தாம்பரம்: நான் டிரிபிள் இ. கோர் கம்பெனி கேம்பஸுக்கு வரவில்லை, ஐ.டி. ஆஃபர் கையில் இருக்கிறது. பாலிசி ஆராய்ச்சிக்குப் போக ஆசை. எம்.டெக். படிக்கவா, எம்.ஏ. படிக்கவா?

என் கதையைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அங்கிருந்தவர்கள் இன்னமும் கல்யாணப் பந்தியில் எதிரில் வந்து உட்காருகிறார்கள். ஒரு பெண்ணை ராத்திரி ஷிப்டில் கண்ட்ரோல் ரூமில் எப்படி உட்காரவைப்பது என்று சொல்லி, என்னைப் புள்ளிவிவரப் பிரிவில் தள்ளினார்கள். ஷிப்டு பார்த்தவர்கள் லாக் புக்கில் கிறுக்கியதை மறுநாள் காலை பெரிய தாளில் அழகாக எழுதுவது என் வேலை. எந்த யூனிட் எத்தனை மணிக்கு ட்ரிப் ஆனது, பாய்லர் குழாய் ஓட்டையா, ஈரக் கரியா, எப்போது திரும்ப லைனுக்கு வந்தது, ஃப்ரீக்வென்சி எவ்வளவு இறங்கியது. 11 வருஷம் இதுதான். பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன். கூடப் படித்தவன் அதே அலுவலகத்தில் ஷிப்டு இன்ஜினியர், நான் அவன் கையெழுத்தைப் படித்துப் படியெடுக்கிறவள்.

ஆனால் ஒரே நோட்டை 11 வருஷம் எழுதினால் நோட்டு பேச ஆரம்பித்துவிடும். எந்த மாதம் எது விழும் என்று எனக்குச் சொல்லாமலே தெரிந்தது. ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போன முதல் மாதம், வெளிநாட்டில் பி.எச்டி. முடித்த ஒருவர், தமிழ்நாட்டில் நிறுவப்பட்ட மின்திறனை எல்லாம் கூட்டிப்போட்டு, தேவையைவிட அதிகமாக இருக்கிறதே, பிறகு ஏன் பற்றாக்குறை என்று படம் போட்டுக் காட்டினார். ‘சார், முப்பந்தல் காற்றாலைப் பக்கம் காற்று மே மாதம் கிளம்பி செப்டம்பர் வரைக்கும் அடிக்கும். நீங்கள் கூட்டியிருப்பது மார்ச் மாதச் சாயங்காலம் ஏழு மணிக்கு’ என்றேன். அன்றைக்குத்தான் அந்தப் 11 வருஷத்தின் சம்பள பாக்கி எனக்கு வந்து சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

என் பங்குக்கு நானும் சறுக்கியிருக்கிறேன், இன்ஜினியர்கள் சறுக்குகிற விதத்தில். கரி வரும் வழி, கப்பல், கையிருப்பு எல்லாம் போட்டு ஓர் அறிக்கை எழுதினேன். குழுவில் பொருளாதாரம் படித்த சின்னப் பெண் ஒருத்தி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘கரி இருக்கு மேடம், வாங்கக் காசு இருக்கான்னு எங்கயும் எழுதலையே’ என்றாள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவள் சொன்னதை 2022ல் நாடே பார்த்தது. வெளிநாட்டுக் கரி விலை ஏறியதும், இறக்குமதிக் கரியை நம்பிய நிலையங்கள் பல, ஓட்டினால் நஷ்டம் என்று யூனிட்டை நிறுத்தி வைத்தன. உலகச் சந்தையில் கரி இருந்தது, ஒப்பந்தத்தில் எழுதியிருந்த விலைக்கு வாங்க முடியவில்லை. அந்த வருஷம் மே 5ஆம் தேதி மத்திய அரசு மின்சாரச் சட்டம் 2003ன் 11ஆவது பிரிவைக் கையில் எடுத்து, முழு அளவில் ஓட்டியே தீரவேண்டும் என்று உத்தரவு போட்டது. இப்படி ஒரு பிரிவு இருப்பது நான் படித்த எந்த இன்ஜினியரிங் புத்தகத்திலும் கிடையாது.

ஆகவே என் பதில்: உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை இன்னும் கொஞ்சம் ஆழமாகச் சொல்லித்தர எம்.டெக்.; தெரியாத காசையும் சட்டத்தையும் சொல்லித்தர எம்.ஏ. நான் எம்.ஏ. பக்கம். கோட்டூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. இன்ஜினியரிங் வழியாகவே போக ஆசை என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தில் எரிசக்திக்கென்றே தனி நிலையம் இருக்கிறது. ஆனால் எதற்கும் முன்னால் இரண்டு வருஷம் ஏதாவது ஒரு சப் ஸ்டேஷன் காண்ட்ராக்டரிடமோ காற்றாலைப் பராமரிப்புக் கம்பெனியிலோ கை அழுக்காகட்டும். வீட்டில் கடன் இருந்தால் ஐ.டி. ஆஃபரை ஒத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை. இந்தத் துறையில் வேலைகள் பெரும்பாலும் டெல்லி, பெங்களூரு, புனே. டெல்லியில் டெரி, சி.இ.இ.டபிள்யூ., பெங்களூருவில் சிஸ்டெப், புனேயில் பிரயாஸ் என்று ஆய்வு நிறுவனங்கள். சென்னையை விட்டு நகர மாட்டேன் என்றால் வாசல்கள் குறைவு, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்.

இன்னொன்று. 2020 ஏப்ரல் 5ஆம் தேதி ராத்திரி 9 மணிக்கு 9 நிமிஷம் விளக்கை அணைத்தோமே, நீங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். நாடு முழுக்க 12,000 முதல் 14,000 மெகாவாட் குறையும் என்று கிரிட்டை, அதாவது நாட்டின் மின்தொகுப்பை, நடத்துகிறவர்கள் கணக்குப் போட்டார்கள். குறைந்ததோ 31,000 மெகாவாட்டுக்கு மேல். கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் தப்பியது. கிரிட் விழவில்லை, ஏனென்றால் நீர்மின் நிலையங்களை முன்கூட்டியே ஓட்டித் தயாராக வைத்து, சரியான நிமிஷத்தில் குறைத்து, பிறகு ஏற்றினார்கள். கணக்கு ஏன் தப்பியது, தப்பியும் கிரிட் ஏன் நின்றது என்று இரண்டையும் நாலு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நேர்முகத்துக்குப் போகும்போது சர்டிஃபிகேட்டுக்கு மேலே அதை வையுங்கள்.

ஒரு தாய், பெரம்பூர்: மகள் எம்.ஏ. பாதுகாப்பியல் படிக்கிறாள். எரிசக்திப் பாதுகாப்பில் ஆராய்ச்சி செய்யப்போகிறாளாம். அவள் அப்பா, ராணுவத்துக்கா போகப்போறா என்று கேட்கிறார். வருமானம் வருமா? நாளைக்கு வரன் வீட்டில் கேட்டால் என்ன சொல்வது?

பாலிசி ரிசர்ச் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அம்மா. ‘ஓ, எல்.ஐ.சி.யா?’ என்பார்கள். என் சொந்த நாத்தனார் பத்து வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். தன் மெச்சூரிட்டித் தொகை எப்போது வரும் என்று என்னிடமே கேட்டிருக்கிறார்.

ராணுவம் இல்லை, யூனிஃபார்ம் இல்லை. யு.ஜி.சி. நெட் தேர்வில் பாதுகாப்பியல் தனிப்பாடமாகவே இருக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அதற்கப்புறம் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பி.எச்டி. முடித்த பிறகுதான் பள்ளம். ஆராய்ச்சி நிறுவனங்களில் வேலை பெரும்பாலும் காண்ட்ராக்ட், ஒரு புராஜெக்ட் முடிந்தால் அடுத்தது வருகிற வரை வயிற்றில் புளி. நான் சேர்ந்த புதிதில், மின்துறையில் வாங்கிய சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் வாங்கினேன். டெல்லியில் 1965லிருந்து இருக்கிற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஐ.டி.எஸ்.ஏ., பெங்களூருவில் நியாஸ் என்ற ஆய்வு நிறுவனம் என்று படிப்படியாக ஏறலாம். எண்ணெய்க் கம்பெனி, கப்பல் கம்பெனி, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் எந்தக் கடலில் என்ன ஆபத்து என்று எழுதித்தர ஆள் வேண்டியிருக்கிறது.

மகளிடம் நான் சொன்னதாக ஒன்று சொல்லுங்கள். எல்லை, போர், வல்லரசு என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவள் ஒரு பண்டத்தைப் பிடிக்கட்டும். யுரேனியம், கரி, எரிவாயு, எதுவானாலும் சரி. உதாரணத்துக்குக் கச்சா எண்ணெய். நாம் பயன்படுத்துவதில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. அவசரத்துக்கென்று விசாகப்பட்டினத்தில் 13.3 லட்சம் டன், மங்களூரில் 15 லட்சம் டன், உடுப்பி பக்கம் பாதூரில் 25 லட்சம் டன் கொள்கிற அளவுக்குப் பூமிக்கடியில் பாறையைக் குடைந்து கிடங்கு கட்டியிருக்கிறார்கள். மூன்றும் நிரம்பியிருந்தால் ஒன்பதரை நாள் தாங்கும் என்பது அரசுக் கணக்கு. சர்வதேச எரிசக்தி முகமையில் முழு உறுப்பினராக இருக்கிற நாடுகள் நிகர இறக்குமதியில் 90 நாள் அளவு கையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நாம் 2017லிருந்து அதில் இணை உறுப்பினர்தான். இந்த 9க்கும் 90க்கும் நடுவில் எத்தனை கேள்வி இருக்கிறது பாருங்கள். எண்ணெய்க் கம்பெனிகளின் தொட்டியில் கிடப்பதைச் சேர்க்கலாமா? கச்சா எண்ணெய் இருந்து, மணலி மாதிரி ஒரு சுத்திகரிப்பு ஆலை நின்றால் யாருக்குப் பயன்? விலை குறைந்திருக்கும்போது கிடங்கை நிரப்ப யார் பணம் போடுவது? ஒவ்வொன்றும் ஒரு பி.எச்டி.

வரன் வீட்டாரிடம், ‘வெளியிலிருந்து எண்ணெய் வராமல் நின்றுபோனால் நாடு எத்தனை நாள் தாங்கும்னு கணக்குப் போடுற வேலை’ என்று சொல்லுங்கள். அதற்கும் மூக்கைச் சுளித்தால், அந்தக் காபியோடு விட்டுவிடுங்கள்.

வாசகர், வியாசர்பாடி: ரகசியக் காகிதம் எல்லாம் பார்க்க வேண்டியிருக்குமா? போலீஸ் வருமா?

35 வருஷத்தில் ரகசிய முத்திரை குத்திய காகிதம் ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை. வேண்டியது எல்லாம் வெளியில் கிடக்கிறது, ஆனால் சிதறிக் கிடக்கிறது. பெட்ரோலியக் கணக்குக்கு பெட்ரோலிய அமைச்சகத்தின் பி.பி.ஏ.சி. பிரிவு போடும் மாத அறிக்கை, மின்சாரத்துக்கு நாட்டின் மின்தொகுப்பை நடத்தும் கிரிட் இந்தியாவின் தினசரி அறிக்கை, இறக்குமதிக்குக் கொல்கத்தாவில் இருக்கும் வணிகப் புள்ளிவிவர அலுவலகம். எல்லாவற்றிலும் ருசியானது நாடாளுமன்றக் கேள்வி பதில். ஏதோ ஒரு எம்.பி. எழுத்தில் கேட்ட கேள்விக்கு அமைச்சகம் இணைப்பாகக் கொடுத்த அட்டவணையில், நீங்கள் ஆறு மாதமாகத் தேடிய எண் உட்கார்ந்திருக்கும். யாராவது உங்கள் கையில் ரகசியக் காகிதத்தைத் திணித்தால் வாங்காதீர்கள். 1923ஆம் வருஷத்து அலுவலக ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

சாஃப்ட்வேர் இன்ஜினியர், சோழிங்கநல்லூர்: எட்டு வருடமாக வங்கிகளுக்கு சைபர் செக்யூரிட்டி பார்க்கிறேன். மின்துறை சைபர் பாதுகாப்பு பற்றிய கொள்கை ஆராய்ச்சிக்கு மாற முடியுமா?

முடியும், ஆனால் வங்கிப் புத்தியை மாற்றிக்கொள்ள வேண்டும். வங்கியில் சந்தேகம் வந்தால் சர்வரை நிறுத்திவிடலாம். கிரிட்டில் நிறுத்துவதுதான் விபத்து.

2015 டிசம்பர் 23, உக்ரைன். மூன்று மின் விநியோக நிறுவனங்களின் கண்ட்ரோல் ரூமில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மவுஸ் தானாக நகர்ந்து, லைனைத் துண்டிக்கும் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்தது. 2.25 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போயிற்று. சில மணி நேரத்தில் திரும்பியது, எப்படி? ஆட்கள் வண்டி எடுத்துக்கொண்டு சப் ஸ்டேஷன்களுக்குப் போய்க் கையால் போட்டார்கள். கையால் போடுகிற வசதியும், அதைத் தெரிந்த ஆளும் அங்கே மிச்சம் இருந்தார்கள். நம் ஊரில் பழைய லைன்மேன் ஓய்வு பெறும்போது இந்தப் பாதுகாப்பும் கூடவே வீட்டுக்குப் போகிறதா என்று யாராவது எழுத வேண்டும். உங்களுக்கு முதல் தலைப்பாக அதைத் தருகிறேன்.

அடுத்தது கூடங்குளம். 2019 அக்டோபர் 29ஆம் தேதி, கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி நெட்வொர்க்கோடு சேராதவை, அவற்றின்மேல் சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை என்று நிலையம் அறிக்கை விட்டது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாக வேலைக்கான நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் இருந்தது உண்மைதான், செப்டம்பரிலேயே தகவல் வந்தது, உலை இயக்கும் அமைப்புக்குப் பாதிப்பில்லை என்றது. இரண்டு அறிக்கையையும் அருகருகே வைத்துப் படியுங்கள். கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றி முதல் அறிக்கை சொன்னது நேர்ப்பொய் இல்லை; கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. ‘அணு உலையை ஹேக் செய்தார்கள்’ என்று கத்தியவர்களும் தப்பு, ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று சொன்னவர்களும் தப்பு. நடுவில் இருக்கிற அந்த ஒல்லியான உண்மையை எழுதுவதுதான் கஷ்டம்.

மும்பையில் 2020 அக்டோபர் 12ஆம் தேதி கரண்ட் போனது இன்னொரு பாடம். மாநில அரசு நாசவேலையாக இருக்கலாம் என்றது. மத்திய மின்துறை அமைச்சர் மனிதத் தவறு என்றார். நிறுவனத்தில் சின்னப் பையன்கள் சீனாவின் பெயரைத் தலைப்பில் போட்டு இரண்டு நாளில் கட்டுரை கொண்டுவந்தார்கள். ரிலே பதிவைப் பார்த்தீர்களா, எந்த லைன் எந்த நொடியில் விழுந்தது என்று அதில்தானே இருக்கும் என்று கேட்டேன். பார்க்கவில்லை. அப்படியானால் தலைப்பில் கேள்விக்குறியாவது போடுங்கள் என்றேன். கட்டுரை வெளிவரவே இல்லை. அதற்காக என்மேல் கோபம் இருந்தது, இருக்கட்டும்.

நீங்கள் ஐ.இ.சி. 61850 (சப் ஸ்டேஷன் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் தரநிலை), ரிலே, ஸ்காடா (தூரத்திலிருந்து கண்காணித்து இயக்கும் அமைப்பு) பக்கம் ஆறு மாதம் உட்காருங்கள். மத்திய மின்சார ஆணையம் 2021ல் வெளியிட்ட சைபர் வழிகாட்டுதலைப் படித்து, அதில் எது சின்ன விநியோக அலுவலகத்தால் செய்யக்கூடியது, எது காகிதத்தோடு நின்றுவிடும் என்று பிரித்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பழைய பழக்கத்தில் நிஜ கிரிட்டைத் தட்டிப் பார்த்துவிடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70ஆவது பிரிவில் ‘பாதுகாக்கப்பட்ட அமைப்பு’ என்று அரசு அறிவித்த ஒன்றுக்குள் கை வைத்தால் 10 வருஷம் வரை சிறை. ஓட்டை கண்ணில் பட்டால், சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான சர்ட்-இன்னுக்கு எழுதுங்கள்.

கல்லூரி மாணவர், சைதாப்பேட்டை விடுதி: சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். பி.ஏ. பொருளாதாரம், தமிழ் வழி. இங்கிலீஷ் வராமல் இந்தத் துறைக்கு வர முடியுமா அம்மா?

வராமலே இருந்துவிட முடியாது, அறிக்கைகள் இங்கிலீஷில்தான். ஆனால் அது இரண்டு வருஷ வேலை. உன்னிடம் இருப்பது அவர்களுக்கு இருபது வருஷமானாலும் வராது. மும்முனை மின்சாரம் உங்கள் ஊரில் எத்தனை மணிக்கு வரும், அப்போது யார் முதலில் மோட்டார் போடுவார், யாருடைய மோட்டார் வோல்டேஜ் இல்லாமல் எரியும் என்று உனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேல் விவசாயப் பம்புசெட்டுகள் இலவச மின்சாரத்தில் ஓடுகின்றன, பெரும்பாலானவற்றில் மீட்டர் கிடையாது. ஆக, விவசாயம் எவ்வளவு எடுக்கிறது என்பதே ஓர் அனுமானம். அதன்மேல்தான் மானியம், நஷ்டம், கட்டணம் எல்லாம் கட்டியிருக்கிறது. ஊருக்குப் போகும்போது ஒரு ஃபீடரை, அதாவது சப் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் ஒரு லைனை, மட்டும் எடுத்துக்கொள். பத்துக் கிணற்றில் மோட்டார் எத்தனை குதிரைசக்தி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டுத் தமிழிலேயே எழுது. எனக்கு அனுப்பு, பத்திரிகை முகவரிக்கு. சிவப்பு மை போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

தந்தை, அண்ணா நகர்: மகன் அமெரிக்காவில் எரிசக்திக் கொள்கையில் பி.எச்டி. படிக்கிறான். அங்கேயே அரசு ஆராய்ச்சிக்கூடத்தில் நாட்டுப் பாதுகாப்புப் பிரிவில் சேர வேண்டும் என்கிறான். நடக்குமா?

அந்த நாட்டில் எரிசக்தித் துறை 1977ல் உருவானது, 1973 எண்ணெய்த் தடை கொடுத்த அடிக்குப் பிறகு. நம்மவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், அணு ஆயுதங்களைப் பராமரிப்பதும் அந்தத் துறையின் கீழ்தான் வருகிறது. அதனால் பாதுகாப்பு அனுமதி வேண்டிய பிரிவுகளில் அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். பல்கலைக்கழகம், தனியார் ஆய்வு நிறுவனம், பாரிஸில் இருக்கிற சர்வதேச எரிசக்தி முகமை போன்றவை வேறு கணக்கு. உங்கள் மகனுக்கு இது தெரியாமல் இருக்காது. உங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மயிலாப்பூர்: இத்தனை அறிக்கை எழுதி என்ன ஆகிறது அம்மா? யாராவது படிக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை சார். வெளியீட்டு விழாவில் போளியும் காபியும் தீர்ந்ததும் அறிக்கை நாற்காலியிலேயே கிடக்கும். துப்புரவு அம்மா எடுத்து அடுக்கிவைப்பார். முதல் சில வருஷம் எனக்கு நெஞ்சை அடைக்கும், பிறகு பழகிவிட்டது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். 2016ல் நகரத்தின் குடிநீர்ப் பம்பிங் நிலையங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் கரண்ட் எந்த வழியில் போகிறது என்று ஓர் அறிக்கை எழுதினேன். பின்னிணைப்பில், ஒரே ஒரு ஃபீடரை நம்பி நிற்கும் இடங்களை மட்டும் இரண்டு பக்க அட்டவணையாகப் போட்டிருந்தேன். பாதுகாப்பு கருதி அந்த இரண்டு பக்கத்தைப் பொதுப் பிரதியில் சேர்க்கவில்லை. விழாவுக்குப் பத்துப் பேர் வந்தார்கள். டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் வந்தது. மரமும் கம்பமும் சாய்ந்து ஊரே இருட்டு. மறுநாள் ராத்திரி கதவைத் தட்டுகிற சத்தம். எமர்ஜென்சி லைட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், என்னோடு முன்பு வேலை பார்த்த ஓர் இன்ஜினியர், தலையில் பிளாஸ்டிக் கவர், முழங்கால் வரை சேறு. ‘மேடம், ஒரு ஃபீடர் லிஸ்ட் போட்டிருந்தீங்களே, அது எங்க?’ என்றார். அலமாரியிலிருந்து முழுப் பிரதியை எடுத்துக் கொடுத்தேன். முன்னுரை, அத்தியாயம், பரிந்துரை எதையும் திருப்பிப் பார்க்கவில்லை. கடைசி இரண்டு தாளைப் பிய்த்து மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மீதியை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.